பன்னிரண்டா, பதினாறா, இருபத்துநாலா: கொலம்பஸுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, அக்டோபரில்தான் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் வந்தேன், ஆபீஸில் மதியச் சாப்பாட்டு மேசையில் காலேஜ் ஃபுட்பால் பிளேஆஃப், அதாவது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் எடுத்து ஓடுவது) சாம்பியன் யார் என்று தீர்க்கும் கடைசிச் சுற்றுகள், 12 அணியோடு நிற்கட்டுமா, 16 ஆக்கலாமா, 24 ஆக்கலாமா என்று அடித்துக்கொள்கிறார்கள், இதில் என்ன இவ்வளவு சண்டை, கேட்டால் நான் என்ன சொல்வது என்று எழுதியிருந்தீர்கள். நானும் 2008-இல் இந்த ஊரில் வந்து இறங்கியபோது இப்படித்தான் முழித்தேன். முதல் விஷயம், எதைச் சொன்னாலும் நம் ஊர்ப் பல்கலைக்கழகமான ஒஹாயோ ஸ்டேட்டின் பரம எதிரி மிச்சிகனைப் பற்றி மட்டும் நல்ல வார்த்தை சொல்லிவிடாதீர்கள். நவம்பர் கடைசி வாரம் ஒஹாயோ ஸ்டேட் வளாகத்தில் பெயர்ப்பலகைகளில் 'எம்' எழுத்து வரும் இடத்திலெல்லாம் சிவப்பு டேப்பால் குறுக்கே அடித்து வைத்திருந்தார்களே, பார்த்தீர்கள் அல்லவா? அவ்வளவு தூரம் போகும் கோபம் அது.

ஐபிஎல் பார்த்து வளர்ந்த நமக்கு இங்கே இடிப்பது புள்ளிப்பட்டியல். அங்கே 10 அணி, ஆளுக்கு 14 லீக் ஆட்டம், மேலே நிற்கும் 4 அணி பிளேஆஃப் போகும், கதை முடிந்தது. இங்கே 2025-இல் மேல் பிரிவில் மட்டும் 136 அணி, ஆனால் ஒவ்வொன்றுக்கும் 12 ஆட்டம்தான். அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்து ஆடும், ஒஹாயோ ஸ்டேட் ஆடும் பிக் டென் கான்ஃபரன்ஸில் பெயரில்தான் பத்து, உள்ளே இருப்பது 18 அணி, ஒரே கான்ஃபரன்ஸில் இருந்துகொண்டு பாதிப் பேர் முகத்தைப் பார்க்காமலே சீசன் முடிந்துவிடும். அப்படியென்றால் யார் பெரியவர் என்று மைதானத்திலேயே தீர்க்க முடியாது, யாராவது உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். சண்டை முழுக்க அந்த 'யாராவது' மேல்தான்.

ரொம்பக் காலம் அது பத்திரிகைக்காரர்களின் ஓட்டு, 1936 முதல். அப்புறம் பயிற்சியாளர்களின் ஓட்டும் சேர்ந்தது. 1997-இல் ஒரு பட்டியல் மிச்சிகன் என்றது, இன்னொன்று நெப்ராஸ்கா என்றது, இரண்டும் சாம்பியன், இரண்டும் மோதவே இல்லை. அடுத்த ஆண்டிலிருந்து ஓட்டையும் கம்ப்யூட்டர் கணக்கையும் கலந்து முதல் இரண்டு அணியை இறுதி ஆட்டத்துக்கு அனுப்பினார்கள். 2004-இல் ஆபர்ன் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, ஆனாலும் இடமில்லை. 2014 சீசனிலிருந்து 13 பேர் கொண்ட கமிட்டி பொறுக்கும் 4 அணிக்குள் பிளேஆஃப். அந்த நாலு அணிக் காலத்தில் நான் அதற்கு ஆதரவாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன், குறைவாக இருந்தால்தான் மதிப்பு என்று. 2023-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டத்திலும் ஜெயித்து, கான்ஃபரன்ஸ் பட்டமும் வாங்கி நின்றது, அதன் முக்கிய ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக்குக்குக் கால் உடைந்துவிட்டது, இனி இந்த அணி முன்போல் ஆடாது என்று கமிட்டி வெளியே நிறுத்திவிட்டது. தோற்காதவனைப் பார்த்து நீ தோற்றுவிடுவாய், வீட்டுக்குப் போ என்பது என்ன நியாயம்? நம் ஊர்க் கபடிப் போட்டியில் அப்படி ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தால் பந்தலைப் பிரித்திருப்பார்கள். (அதன்பின் அவர்கள் ஆரஞ்சு பவுல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63–3 என்று உதை வாங்கினார்கள், கமிட்டி சொன்னது சரிதானே என்று இன்றும் அதை எடுத்து நீட்டுகிறார்கள். பாதி அணி அந்த ஆட்டத்தில் இறங்கவே இல்லை, அதை யாரும் சொல்வதில்லை.) அன்றைக்கு நான் கட்சி மாறினேன்.

2024-இல் 12 அணி ஆனது. 2024, 2025 சீசன்களில் தரவரிசையில் மேலே இருந்த 5 கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நிச்சய இடம், மீதி 7 கமிட்டி கையில். 2024-இல் முதல் நாலு சாம்பியன்களுக்கும், 2025-இல் தரவரிசையின் முதல் நாலு அணிக்கும் முதல் சுற்றில் ஓய்வு, மற்ற எட்டும் மோதும், தரவரிசையில் மேலே இருப்பவரின் சொந்த மைதானத்தில். கால் இறுதியிலிருந்து ரோஸ் பவுல், சுகர் பவுல் என்ற பவுல் ஆட்டங்களாக, இரு அணிக்கும் சொந்தமில்லாத பெரிய மைதானங்களில்.

நான் சொல்வது இதுதான்: 16 அணி, யாருக்கும் ஓய்வு வேண்டாம், முதல் இரண்டு சுற்றும் சொந்த ஊர் மைதானத்தில் நடக்கட்டும், 5 சாம்பியன் இடத்தைத் தொடாதீர்கள்.

அந்த ஓய்வை வரம் என்றுதான் கொடுத்தார்கள். டிசம்பர் முதல் வாரம் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம் முடித்துவிட்டு ஜனவரி 1 வரை கிட்டத்தட்ட 25 நாள் சும்மா இருந்த அணிகள் என்ன ஆயின? 2024-இல் ஓரிகன், ஜார்ஜியா, பாய்சி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் நாலும் முதல் ஆட்டத்திலேயே அவுட். 2025-இல் ஒஹாயோ ஸ்டேட், ஜார்ஜியா, டெக்சஸ் டெக் மூன்றும் அப்படியே. எட்டில் ஜெயித்தது இந்தியானா ஒன்றுதான், அது கடைசிவரை போய்க் கோப்பையையும் தூக்கியது வேறு கதை. ஓய்வு எடுத்ததால்தான் தோற்றார்கள் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், எதிரே இருந்தவர்களும் பலசாலிகள்தான். ஆனால் 12 ஆட்டம் ரத்தம் சிந்தி முதலிடம் பிடித்தவனுக்குப் பரிசு ஓய்வா, சொந்த மைதானமா என்று கேட்டால் மைதானம்தான் என்பேன்.

2024 டிசம்பர் 21 ராத்திரி இங்கே ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் டென்னசிக்கும் முதல் சுற்று ஆட்டம். மூன்று வாரம் முன்னால்தான் 5 ஆட்டம் தோற்றிருந்த மிச்சிகனிடம் சொந்த மண்ணிலேயே 13–10 என்று தோற்று ஊரே துக்கம் காத்துக்கொண்டிருந்தது, கோபத்தில் பலர் டிக்கெட்டை விற்றுவிட்டார்கள், அதில் ஒன்று எனக்கு ஆபீஸ் நண்பர் மூலம் வந்தது. உறைநிலைக்குக் கீழே குளிர், மூச்சு விட்டால் புகை, அரங்கில் திரும்பிய பக்கமெல்லாம் டென்னசியின் ஆரஞ்சு. முதல் கால் மணி ஆட்டத்திலேயே ஒஹாயோ ஸ்டேட் 21–0. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத கிழவர் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். அதன்பின் அதே அணி பாசடேனா, டெக்சஸின் ஆர்லிங்டன், அட்லாண்டா என்று மூன்று ஊர் போய் ஜெயித்துச் சாம்பியன் ஆனது, எல்லாம் நான் வீட்டு சோஃபாவில் பார்த்தது. மூன்று வாரத்தில் மூன்று முறை விமானம், ஹோட்டல், டிக்கெட் என்று யாரால் முடியும்? கால் இறுதியையும் ஊருக்குக் கொண்டுவரச் சொல்வது அதனால்தான். ரோஸ் பவுல் 1902-இல் தொடங்கியது, அந்த மாலை வெயிலின் அழகு எனக்கும் தெரியும், அதற்கு அரை இறுதியைக் கொடுக்கட்டும்.

ஆட்டம் கூடிவிடுமே என்பார்கள். 16 ஆனாலும் சுற்று நாலுதான், இப்போது இருப்பதே. கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தைப் பெரிய கான்ஃபரன்ஸ்கள் விட்டுவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். அந்த ஆட்டத்துக்கும் இப்போது அர்த்தம் குறைந்துவிட்டது: 2025-இல் அலபாமா அதில் 28–7 என்று தோற்றும் உள்ளே வந்தது, இன்னொரு பக்கம் டியூக் 5 தோல்வியோடு ஏசிசி என்ற கான்ஃபரன்ஸின் பட்டம் வாங்கியும், தரவரிசையில் பின்தங்கியதால் வெளியே நின்றது. இதில் பணம் இருப்பதால் விடமாட்டார்கள் என்பதும் தெரியும்.

24 வேண்டாம். கீழ்ப் பிரிவில் 24 அணி வைத்து நன்றாகத்தான் நடத்துகிறார்கள், ஆனால் மேல் பிரிவில் அதைச் செய்தால் நாலு ஆட்டம் தோற்ற அணிகள் வரிசையாக உள்ளே வரும், நவம்பர் சனிக்கிழமை யாருக்கும் வயிற்றைக் கலக்காது. அதேபோல் எத்தனை ஆக்கினாலும் வாசலில் நின்று அழுகிறவர் இருப்பார். 2025-இல் நோட்ர டாம் கடைசி நாளில் மயாமியிடம் இடத்தை இழந்து, வேறு பவுலும் வேண்டாம் என்று கோபித்துக்கொண்டு போனது. ஆனால் சீசனின் முதல் வாரமே மயாமி அவர்களை 27–24 என்று நேரில் ஜெயித்திருந்தது. அதை வாரக்கணக்கில் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டுக் கடைசி நாளில் ஞாபகம் வந்ததுதான் கமிட்டியின் தப்பு, மயாமியின் தப்பு இல்லை. அவர்கள் இறுதி ஆட்டம் வரை போனார்கள்.

இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் ஒரே மூச்சில் கொட்டிவிடாதீர்கள், 'ஓய்வு எடுத்தவர்கள் எட்டில் ஏழு பேர் தோற்றார்களே' என்று மட்டும் போடுங்கள், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அடுத்த டிசம்பரில் இங்கே ஹோம் ஆட்டம் கிடைத்தால் சொல்லுங்கள், சேர்ந்து போவோம். உள்ளே போட தெர்மல் இப்போதே வாங்கி வையுங்கள், நவம்பர் ஜாக்கெட் அந்தக் குளிருக்குக் காணாது.