நியூயார்க்கில் தாய் சி கற்பித்த செங் மான்-சிங்: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. அமெரிக்கா போகும் முன்பே செங் மான்-சிங் பெயர் பெற்றவரா?

பதில்: ஆமாம். 1902-ல் சீனாவின் செஜியாங் மாகாணத்தில் பிறந்தவர். ஓவியம், கவிதை, தூரிகை எழுத்து, சீன மருத்துவம், மெதுவான அசைவுகளால் ஆன சீனத் தற்காப்புக் கலையான தாய் சி என ஐந்திலும் கைதேர்ந்தவர் என்று கொண்டாடப்பட்டவர். இளமையில் காசநோய் வாட்டியது. உடம்பு தேறத்தான் தாய் சி பழகினார். ஆசான், யாங் குடும்பப் பாணியைச் சேர்ந்த யாங் செங்ஃபூ. 1949-ல் தைவானுக்கும் 1964-ல் நியூயார்க்குக்கும் போனார்.

கேள்வி: நியூயார்க்கின் சீனர் பகுதியான சைனாடவுனில் எதிர்ப்பு இருந்ததாமே?

பதில்: சீனரல்லாதவர்களுக்கு, அதிலும் நீளமுடி ஹிப்பி இளைஞர்களுக்கு, அவர் சொல்லிக்கொடுத்தது அங்கிருந்த பெரியவர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பவரி தெருவில் ஷி ஜுங் என்ற பள்ளி நடந்தது. அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பேன்.

கேள்வி: யாங் பாணியின் நீண்ட அசைவு வரிசையை 37 அசைவாகக் குறைத்தாரே, சத்து போகவில்லையா?

பதில்: பெரும்பாலும் கழித்தது, திரும்பத் திரும்ப வரும் அசைவுகளைத்தான். நிதானமாகச் செய்தால் பத்து நிமிடத்துக்குள் முடியும். காலையில் இரண்டு முறை, மாலையில் ஒரு முறை செய்தாலே போதும்.

கேள்வி: ஆறு மாதமாக இந்த 37-ஐப் பழகுகிறேன். முழங்கால் வலிக்கிறது. இந்தப் பாணியே முழங்காலுக்கு ஆகாதா?

பதில்: பாணியைக் குற்றம் சொல்லாதீர்கள், திரும்பும் விதத்தைப் பாருங்கள். எடையைச் சுமந்த காலைத் தரையில் ஊன்றியபடி திருகினால் அந்தத் திருகலை முழங்கால்தான் வாங்கும். முதலில் எடை முழுவதையும் மற்றக் காலுக்கு மாற்றுங்கள். வெறுமையான காலைக் குதிகாலில் திருப்பி வையுங்கள். அதற்குப் பிறகே எடையைக் கொண்டுவர வேண்டும்.

அடுத்து, இரு பாதங்களுக்கும் இடையே தோளளவு அகலம் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் கயிற்றின் மேல் நடப்பதுபோல ஒரே கோட்டில் வைத்துவிட்டு, ஆடாமலிருக்க முழங்காலை உள்ளே மடக்குகிறார்கள். முன்கால் விரல்கள் நேரே. பின்கால் 45 பாகை வெளியே. எடையில் நூற்றுக்கு எழுபது பங்கு முன்காலில், முப்பது பின்காலில். முழங்கால் கால்விரல் நுனியைத் தாண்டக் கூடாது, விரல்கள் காட்டும் திசையிலேயே நிற்க வேண்டும். வலி இருக்கும்வரை உட்காரும் ஆழத்தைக் குறையுங்கள். வீக்கம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ‘அழகிய மங்கையின் கை’ என்றால் என்ன?

பதில்: மணிக்கட்டு மேலேயோ கீழேயோ மடியாமல், முன்கையிலிருந்து விரல் நுனிவரை நேராக, தளர்வாக இருக்கும் கை. மடித்தால் தசைநாண்கள் இறுகும், அந்த இறுக்கம் தோள்வரை ஏறும். யாங் பாணியில் பிறர் தள்ளும் அசைவில் உள்ளங்கையை நிமிர்த்துவார்கள். செங் அதையும் விட்டார்.

கேள்வி: எங்கள் மலேசியாவிலும் அவர் வழி உண்டா அண்ணா?

பதில்: நிச்சயமாக. ஃபூஜியன் மாகாணத்தின் வெள்ளைக் கொக்கு என்ற தற்காப்பு முறையில் ஏற்கெனவே ஆசானாயிருந்த ஹுவாங் ஷெங்ஷியான், தைவானில் செங்கிடம் தாய் சி கற்று, பிறகு சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பரப்பினார். 1970-ல் கூச்சிங்கில், அறுபது வயதில், ஒரு மல்யுத்த வீரரை வென்றார். செங் 1975-ல் தைவானில் காலமானார்.

கேள்வி: இருவராகச் செய்யும் தள்ளுகைப் பயிற்சியில் எப்போதும் தோற்கிறேனே?

பதில்: செங் கேட்டதே அதைத்தான்: நட்டத்தில் முதல் போடச் சொன்னார். எதிராளி தள்ளும்போது முரட்டுத்தனமாக எதிர்த்தால் தோல்வி தள்ளிப்போகும், தளர்வு வராது. அடுத்த மூன்று மாதம் தள்ளவே வேண்டாம். எதிராளியின் கை படும் இடத்தில் இடுப்பைத் திருப்பி விலகுங்கள். கால் பெயர்ந்தால் பெயரட்டும். தோள் எந்தக் கணத்தில் இறுகியது என்பதை மட்டும் கவனியுங்கள்.