வங்கியில் போடும் செக், செஸ்ஸில் வைக்கும் செக், கட்டம் போட்ட செக் சட்டை: எல்லாம் ஒரே ஆங்கிலச் சொல்லா? வங்கி செக்குக்கு மட்டும் ஏன் வேறு ஸ்பெல்லிங், நாம் எதை எழுதுவது?

ஒரே சொல்தான். செக் போஸ்ட், பிபி செக்-அப், டிக்கெட் செக்கர், ஏர்போர்ட் செக்-இன் என்று இன்னும் எத்தனையைச் சேர்த்தாலும் அதேதான். அத்தனைக்கும் மூதாதை ஒரு ராஜா. ஐரோப்பாவில் இருக்கிறதே செக் குடியரசு, அது மட்டும் இந்தக் குடும்பம் இல்லை, ஒலி ஒற்றுமைதான். நம்மூர் எண்ணெய்ச் செக்கும் இல்லை. (நான் வேலைக்குப் போன புதிதில், "நாள் பூரா செக்கோடதான் வேலை" என்று சொன்னதைக் கேட்டு, எங்கள் அப்பத்தா, "பேங்க்ல எதுக்குடா செக்கு, எண்ணெய் ஆட்டுறாங்களா?" என்றது.)

வங்கியில் கிளியரிங் பிரிவில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு பேரன் செஸ் கற்றுக்கொண்டு வந்து தினமும் என்னைத் தோற்கடிக்கிறான். இரண்டு பக்கமும் "செக், செக்" என்றே கேட்டுப் பழகியதால் இதன் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன்.

கதை பாரசீகத்தில் தொடங்குகிறது. நம் சதுரங்கம் அங்கே போய் 'சத்ரங்' ஆனது, அரபு வாயில் 'ஷத்ரஞ்ச்' ஆனது. பாரசீகத்தில் ராஜாவுக்கு 'ஷா' என்று பெயர். (நம் 'க்ஷத்ரிய' என்ற சொல்லும் இந்த ஷாவும் தூரத்துப் பங்காளிகள். ஆளுவது என்ற பொருளுள்ள ஒரே வேரில் கிளைத்தவை.) ராஜாவுக்கு ஆபத்து வரும்போது எதிராளியை எச்சரிக்க "ஷா!" என்று குரல் கொடுப்பார்கள். "ராஜா! பார்த்துக்கோ" என்று அர்த்தம். ஆட்டம் அரபியர்களோடு ஐரோப்பாவுக்குள் போனபோது, 'ஷா'வின் கடைசியில் மெல்ல ஒலிக்கும் 'ஹ்' ஓசை லத்தீன் நாக்கில் 'க' ஆகி 'ஸ்காக்குஸ்' என்றானது. பழைய பிரெஞ்சில் அது 'எஷெக்'. முன்னால் இருந்த எழுத்து உதிர்ந்து ஆங்கிலத்தில் 'செக்'.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், 'செஸ்' என்ற பெயர். அது வேறு சொல்லே இல்லை. 'எஷெக்' என்பதன் பன்மைதான் தேய்ந்து 'செஸ்' ஆகியிருக்கிறது. அதாவது விளையாட்டின் பெயரே 'ராஜாக்கள்'.

செக்மேட் என்பது 'ஷா மாத்'. அரபியில் 'மாத்த' என்றால் இறந்தான் என்று பொருள், அதனால் "ராஜா செத்தான்" என்று பலர் விளக்கம் சொல்வார்கள். ஆனால் பாரசீக 'மாத்' என்பது திகைத்து, வழியற்று நிற்பது. ஆட்டத்தைப் பார்த்தால் இதுதான் சரியாக இருக்கிறது. செஸ்ஸில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை. நகர இடமில்லாமல் நிற்கிறார், அவ்வளவுதான்.

ராஜாவுக்கு செக் வந்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் நின்றுபோகும். அதைச் சமாளித்துவிட்டுத்தான் வேறு காய். ஆகவே ஆங்கிலத்தில் பலகைக்கு வெளியே முதலில் இந்தச் சொல் எடுத்த பொருள் 'சட்டென்று நிறுத்து, தடு'. அதிலிருந்து 'கட்டுக்குள் வை'. கட்டுக்குள் வைக்க வேண்டுமானால் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? 'சரிபார்' என்ற பொருள் அப்படித்தான் வந்தது. நாம் இன்று நாளைக்கு நூறு தடவை சொல்லும் "செக் பண்ணு" உண்மையில் கடைக்குட்டி. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஆங்கிலத்திலேயே தலைகாட்டுகிறது. செக் போஸ்ட் என்ற பெயரில் மட்டும் பழைய பொருளும் புதிய பொருளும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன: வண்டியை முதலில் நிறுத்துகிறார்கள், பிறகுதான் பார்க்கிறார்கள்.

இனி பணம். இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. ஒவ்வொரு மாவட்டத்திலும் மன்னருக்காக வரி வசூலிக்கும் ஷெரிஃப்கள் வருடத்துக்கு இரண்டு தடவை, ஈஸ்டருக்கும் மிக்கேல் திருநாளுக்கும், கணக்கு ஒப்படைக்க வர வேண்டும். அங்கே ஒரு மேஜை. பத்தடி நீளம், ஐந்தடி அகலம், காசு உருண்டு விழாமல் இருக்க ஓரத்தில் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி, கோட்டுக்குக் கோடு ஒரு சாண் அல்லது ஓர் அடி இடைவெளி. ஒரு பத்தி பென்ஸுக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அடுத்தது பவுண்டுக்கு, பிறகு இருபது, நூறு, ஆயிரம். அந்தப் பத்திகளில் வில்லைகளை நகர்த்தி நகர்த்திக் கூட்டிக் கழிப்பார்கள். அவர்கள் கையில் இருந்தது ரோமன் எண்கள். பூஜ்யம் கிடையாது. எழுதிக் கூட்ட உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் துணிதான் கால்குலேட்டர்.

பார்ப்பவர்களுக்கு அது செஸ் பலகை மாதிரி இருந்தது. லத்தீனில் செஸ் பலகைக்கு 'ஸ்காக்காரியம்'. அதுவே கணக்கு பார்க்கும் இடத்துக்கும் பெயராகி, ஆங்கிலத்தில் 'எக்ஸ்செக்கர்' ஆயிற்று. இன்றும் பிரிட்டனின் நிதி அமைச்சருக்கு 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்றுதான் பதவிப் பெயர். மேலே சொன்ன மேஜை அளவெல்லாம் அந்தத் துறையிலேயே பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் கடைசியில் எழுதத் தொடங்கிய லத்தீன் நூலில் இருப்பவை. செஸ்ஸில் இரண்டு ராஜாக்கள் மோதுவதைப் போல இந்த மேஜையில் பொருளாளரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள் என்று அவரே சொல்கிறார். ஆடிட் நாளில் மேனேஜர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை நன்றாகப் புரியும்.

கட்டம் போட்ட துணிக்கு 'செக்' என்று பெயர் வந்ததும் இந்தப் பலகை வழியில்தான். கைலி, செக் சட்டை எல்லாம் பலகையின் பிள்ளைகள். 2022ல் மாமல்லபுரத்தில் 44வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்களே, அந்தப் படத்தைப் பேரன் காட்டியபோது எனக்கு முதலில் எக்ஸ்செக்கர் மேஜைதான் ஞாபகம் வந்தது.

சரி, வங்கி செக்? எக்ஸ்செக்கரில் பணம் கட்டியவருக்கு ரசீதாக ஒரு குச்சி கொடுப்பார்கள். தொகைக்கு ஏற்ப அதில் வெட்டுகள். பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஆளுக்கு ஒரு பாதி. நாளைக்குச் சண்டை வந்தால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள், வெட்டும் மரத்தின் ரேகையும் பொருந்த வேண்டும். இந்த முறை 1826 வரை ஓடியது. மிச்சமிருந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்பில் போட்டு எரித்தார்கள். நெருப்பு பரவி வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றமே பெரும்பகுதி சாம்பல். இன்று நாம் படத்தில் பார்ப்பது அதற்குப் பிறகு கட்டியது.

குச்சி போய்க் காகிதம் வந்தபோதும் யோசனை அதேதான். தாளைக் கிழித்துக் கொடு, ஒரு துண்டை நீ வைத்துக்கொள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்று சொன்னது கிழித்துக் கொடுக்கும் தாளை அல்ல, நம்மிடம் தங்கிவிடும் அந்தத் துண்டை. மோசடியைத் தடுப்பது அதுதானே. பின்னால்தான் பெயர் அந்தத் துண்டிலிருந்து தாளுக்குத் தாவியது. அந்தத் துண்டுக்கு நாம் 'அடிக்கட்டை' என்கிறோம். லண்டன் குச்சியைப் பற்றி எதுவும் தெரியாமலே கட்டை என்ற பெயரை வைத்திருக்கிறோம் பாருங்கள், எனக்கு இதில் ஒரு சந்தோஷம்.

அடிக்கட்டையின் மகிமையை நேரில் பார்த்தவன் நான். ஒருநாள் கவுண்டருக்கு ஒரு பெரியவர் பாஸ்புக்கோடு வந்தார். "இந்த ஆயிரத்து இருநூத்தி நாப்பது ரூபா நான் எழுதின செக் இல்ல தம்பி, யாரோ எடுத்திருக்காங்க" என்று ஒரே பிடி. கூட்டம் கூடிவிட்டது. "ஐயா, அடிக்கட்டை இருக்கா?" என்று கேட்டேன். மஞ்சப் பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். அந்த நம்பருக்கு நேரே, பென்சிலில், "வீட்டு வரி 1240" என்று எழுதியிருந்தது. அவர் கையெழுத்து இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றவர், "இது வீட்டுக்காரம்மா எழுதினது. என்கிட்ட கையெழுத்து வாங்கினது மறந்துபோச்சு" என்று சிரித்தார். 'செக்' என்ற சொல் பிறந்தபோது என்ன வேலைக்குப் பிறந்ததோ, அந்த வேலையை அன்று அந்தப் பென்சில் எழுத்து செய்தது.

ஆங்கிலத்தில் இத்தனை பொருளையும் ஒரே சொல் சுமக்கிறது. ஆனால் தமிழில் நமக்குக் குழப்பமே வருவதில்லை. காரணம், பக்கத்தில் வரும் வினை. செக் பண்ணினால் சரிபார்ப்பது. செக் போட்டால் வங்கியில் கட்டுவது. செக் கிழித்தால் பணம் கொடுப்பது (கிழிப்பது அடிக்கட்டையிலிருந்துதான்). செக் வைத்தால்? "கூட்டணிக் கட்சிக்கு செக் வைத்த தலைவர்" என்று வாரம் ஒரு தலைப்பாவது வருகிறதே, அதில் இருப்பது நேராக அந்தப் பாரசீகச் சதுரங்கப் பலகை. செஸ் காயைத் தொட்டே பார்க்காத டீக்கடை அரசியல் விமர்சகரும் 'செக் வைத்தார்' என்றுதான் சொல்கிறார், 'செக் பண்ணினார்' என்று ஒருநாளும் சொல்வதில்லை.

'காசோலை' அழகான சொல்.  ஆனால் இங்கே அது விண்ணப்பத்தோடு நின்றுவிடுகிறது. "காசோலை திரும்பிவிட்டது" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? செக்தான் திரும்பும். திரும்பினால் 138வது பிரிவில் வழக்கும் வரும். செக் போன்ற பணத் தாள்களுக்கான 1881ஆம் வருடச் சட்டத்தில் (நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட்) 1988ல் சேர்த்த பிரிவு அது. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையில் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 'தடு' என்ற பழைய பொருளுக்கு நல்ல உதாரணம், ஆனால் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களிடம் இந்த விளக்கத்தைச் சொல்லிவிடாதீர்கள்.

ஸ்பெல்லிங் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் இங்கிலாந்திலும் வங்கி செக்கைக் கடைசியில் 'சிகே' போட்டுத்தான் (check) எழுதினார்கள். அமெரிக்கர்கள் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஓட்டலில் சாப்பிட்ட பில்லும் செக், நாம் போடும் டிக் குறியும் செக். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் 'க்யூயூஇ'க்கு (cheque) மாறியது. கில்பார்ட் என்ற லண்டன் வங்கியாளர் 1820களின் கடைசியில், பெரும்பாலோர் 'சிகே' என்று எழுதினாலும் தான் 'க்யூ'வை எடுத்துக்கொள்வதாகவும், அது குழப்பம் தராது, எக்ஸ்செக்கரோடும் ஒத்துப்போகிறது என்றும் காரணம் சொன்னார். ஆக அந்த 'க்யூ' அந்தக் கட்டம் போட்ட மேஜைத் துணியின் ஞாபகம்தான்.

இந்தியச் சட்டத்திலும் வங்கித் தாள்களிலும் 'க்யூ'தான். அமெரிக்கக் கம்பெனிக்கு மெயில் எழுதினால் 'சிகே' போடுங்கள். உள்ளூர்க் கிளையில் செக் புக் கேட்டு எழுதும் கடிதத்தில் எதைப் போட்டாலும் கவுண்டரில் இருப்பவர் கண்டுகொள்ள மாட்டார். கீழே போட்ட கையெழுத்து ஒத்துவருகிறதா என்றுதான் பார்ப்பார்.