துறைமுக நகரைப் படமெடுப்பது: கேள்வி பதில்

கேள்வி: கடற்கரையை எடுக்கும்போதெல்லாம் பின்னால் கிரேனும் புகைபோக்கியும் வந்துவிடுகின்றன. எப்படித் தவிர்ப்பது?

பதில்: தவிர்க்காதீர்கள். வெறும் அலையும் மணலும் எந்தக் கரையிலும் கிடைக்கும். கிரேன் நிற்கிற கரைதான் அந்த ஊருடையது. நன்றாகப் பின்னால் தள்ளி நின்று, 200 மி.மீ. குவியத் தூரமோ அதற்கு மேலோ உள்ள, தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸில் பாருங்கள். தூரத்துக் கிரேன்கள் அலைக்குப் பக்கத்திலேயே எழுந்து நிற்பதுபோல் நெருங்கி வரும். முன்னால் ஒரு படகோ வலை இழுப்பவரோ இருந்தால் கிரேனின் உயரம் தானே புரிந்துவிடும். கடல் உள்வாங்கும் நேரத்தில் போனால் ஈர மணலில் அத்தனையும் பிரதிபலிக்கும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நீர் இன்னும் அதிகமாக இறங்கும். என்னைக் கேட்டால், அந்த நாட்களைப் பார்த்துத்தான் பயணத்தையே திட்டமிட வேண்டும்.

கேள்வி: இரவில் முக்காலி வைத்தும் கப்பல் மட்டும் கலங்கலாக விழுகிறதே?

பதில்: கட்டிப்போட்ட கப்பலும் நீரோடு மெல்ல ஆடிக்கொண்டுதான் இருக்கும். ஷட்டரை 30 நொடி திறந்து வைத்தால் கலங்கத்தான் செய்யும். ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன் அளவை, 800, 1600 என்று ஏற்றி, ஒன்றிரண்டு நொடியில் முடியுங்கள். அதைவிட, சூரியன் மறைந்த அரை மணிக்குள் எடுப்பது நல்லது. வானத்தில் நீலம் மிச்சமிருக்கும், விளக்குகளும் எரியத் தொடங்கியிருக்கும்.

கேள்வி: இரவுப் படம் முழுக்க ஒரே மஞ்சள்!

பதில்: சோடியம் விளக்கின் வேலை அது. ரா (RAW) கோப்பாக, அதாவது கேமரா பதிவு செய்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பாக எடுத்து, வண்ண வெப்பநிலையை (படத்தின் மஞ்சள்-நீலச் சாயலை மாற்றும் அமைப்பை) பிறகு கணினியில் குறைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் எல்.இ.டி. விளக்கும் இருந்தால் அது நீலமாகிவிடும். அதனால் கொஞ்சம் மஞ்சளை அப்படியே விடுவேன்.

கேள்வி: நண்பகலில் தூரத்துக் கப்பல் நெளிந்து தெரிகிறது. லென்ஸ் பழுதா?

பதில்: லென்ஸ் சரியாகத்தான் இருக்கிறது. சூடேறிய தரைக்கு மேல் காற்று அலைவதால் வருவது அது. விலை உயர்ந்த லென்ஸும் உதவாது. விடியற்காலையில் போங்கள்.

கேள்வி: துறைமுகத்துக்கு உள்ளே எடுக்கலாமா?

பதில்: அனுமதி வாங்காமல் கூடாது. 2004 ஜூலையில் சர்வதேசக் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு கட்டுப்பாடு இறுகிவிட்டது. சில இடங்களில் வேலிக்கு வெளியிலிருந்து எடுப்பதற்கும் தடை உண்டு. ட்ரோன் என்றால் கட்டுப்பாடு இன்னும் கடுமை. முதலில் உள்ளூர் விதியை விசாரியுங்கள். அப்புறம், தொழிலாளர்களை எடுப்பதானால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி: உப்புக் காற்றிலிருந்து கேமராவைக் காப்பது எப்படி?

பதில்: கரையில் லென்ஸை மாற்ற வேண்டாம். திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் உடல் பகுதியைத் துடையுங்கள். லென்ஸ் கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்துவிடாதீர்கள், உப்புத் துகள் கீறிவிடும். முதலில் ஊதுகுமிழால் (அழுத்தினால் காற்றடிக்கும் ரப்பர் குமிழ்) ஊதுங்கள்.