விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவே: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (விடுதி மாணவி): விடியற்காலையில் விழிப்பு வருகிறது, ஃபேன் சுற்றுவதுகூடத் தெரிகிறது, ஆனால் விரலை அசைக்க முடியவில்லை. நெஞ்சில் யாரோ உட்கார்ந்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது. பாட்டி அமுக்குவான் பேய் என்கிறார்.

பதில்: முதலில் பயத்தை விடுங்கள், இதற்குப் பெயர் தூக்க முடக்கம். 1953-ல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இரு தூக்க ஆய்வாளர்கள், தூங்குகிறவரின் கண்மணிகள் மூடிய இமைக்குள் வேகமாக ஓடும் ஒரு கட்டத்தைக் கண்டு எழுதினார்கள். ரெம் தூக்கம் என்பது அதுதான், கனவு அதிகம் வருவதும் அப்போதுதான். கனவில் ஓடுகிறவர் கட்டிலை விட்டு நிஜமாகவே ஓடிவிடாதபடி, கண், மூச்சு போன்ற சிலவற்றைத் தவிர மற்ற தசைகளை மூளை கட்டிப்போட்டுவிடும். சில நேரம் அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு முந்திக்கொள்கிறது, கனவும் முழுதாகக் கலையவில்லை, அதனால்தான் அறையில் ஆள் நிற்பது போலத் தெரிகிறது. நினைத்தபடி மூச்சை இழுத்துவிட முடியாததால் நெஞ்சு பாரம். சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் விலகிவிடும். பரீட்சைக்குக் கண்விழிப்பதும் மல்லாந்து படுப்பதும் இதைக் கூட்டும். பகலிலும் அடக்கமுடியாமல் தூக்கம் வந்தால் மட்டும் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (ஒரு அம்மா): என் 7 வயதுப் பையன் ராத்திரி எழுந்து நடக்கிறான், கண் திறந்திருக்கிறது, காலையில் கேட்டால் ஒன்றும் தெரியவில்லை என்கிறான்.

பதில்: இது மேலே சொன்னதற்கு நேர் எதிர்: உடம்பு எழுந்துவிட்டது, அறிவு எழவில்லை. கனவில் நடப்பதல்ல, ஆழ்ந்த தூக்கத்தில் வருவது, பெரும்பாலும் படுத்த முதல் சில மணி நேரத்துக்குள். உலுக்கி எழுப்பாமல் மெதுவாகப் பாயில் கொண்டுவந்து விடுங்கள், வாசல் கதவுக்கு மேல் தாழ்ப்பாள் போடுங்கள். வளர வளரப் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போய்விடும்.

கேள்வி: ஹிப்னாடிசத்தில் தூங்கவைத்து ரகசியத்தைக் கறந்துவிட முடியுமா?

பதில்: அது தூக்கமே இல்லை. கவனம் ஒரே இடத்தில் குவிந்த விழிப்பு, பொய் சொல்லவும் முடியும், மறுக்கவும் முடியும். மறந்ததைத் தோண்டி எடுக்கிறேன் என்று யாராவது கூப்பிட்டால் போகவே போகாதீர்கள், நடக்காததெல்லாம் நடந்ததாக மனதில் பதிந்துவிடும் ஆபத்து அதில் நிஜமாகவே இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடுகிறவர்கள் நடிக்கிறார்களா?

பதில்: எல்லோரையும் நடிப்பு என்று சொல்லிவிடுவது அநியாயம். விரதம், தூக்கமின்மை, விடாத உடுக்கையும் மேளமும், சுற்றி நிற்கும் ஊரின் எதிர்பார்ப்பு, எல்லாம் சேர்ந்தால் நான் என்ற உணர்வு கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்கும். மனநல மருத்துவமும் வழிபாட்டின் பகுதியாக வரும் இந்த நிலையை நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. கொடை முடிந்த பிறகும், அவர் விரும்பாமலே, வேலை கெடும் அளவுக்கு வந்துகொண்டிருந்தால் அப்போது மருத்துவரிடம் கூட்டிப் போகலாம்.