சத்துருவைக் கர்த்தர் கையில் விட்டபின் கோர்ட்டுக்குப் போகலாமா?

கேள்வி: ஐயா, என் கணவர் இறந்தபின் அவர் தம்பி எங்கள் பங்கு வயலையும் சேர்த்து வேலி போட்டுவிட்டார். கேஸ் போட்டால் அவிசுவாசம் என்கிறார்கள் சபையில்.

பதில்: தாராளமாய்ப் போடலாம் அம்மா. எருசலேமில் அப்போஸ்தலனாகிய பவுலைக் கொல்லும்வரை சாப்பிடுவதில்லை என்று 40 பேருக்கு மேல் சபதம்பண்ணினார்கள். அதற்கு முந்தின ராத்திரிதான் கர்த்தர் அவர் பக்கத்தில் நின்று, 'திடன்கொள்' என்று சொல்லியிருந்தார். வாக்குத்தத்தம் இருக்கிறதே என்று பவுல் சும்மா இருந்தாரா? சகோதரி மகன் வந்து சதியைச் சொன்னதும் அவனைச் சேனாபதியிடம் அனுப்பினார். அன்று ராத்திரியே 200 போர்ச்சேவகர், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர் காவலோடு செசரியாவுக்குப் புறப்பட்டார். பிற்பாடு இராயனுக்கே, அதாவது ரோமச் சக்கரவர்த்திக்கே, அபயமிட்டு மேல்முறையீடு செய்தார். அந்தப் பையனும் ரோமச் சட்டமும் கர்த்தர் அனுப்பிய உதவி என்றே நான் நம்புகிறேன்.

கொழுந்தனாரும் விசுவாசி என்றால், 1 கொரிந்தியர் 6-ன்படி முதலில் சபை மூப்பர்களை வைத்துப் பேசுங்கள். பட்டா, சிட்டா நகலை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னைத் துன்பப்படுத்துகிற மேலதிகாரி பேரைச் சொல்லி, தாவீது சத்துருவுக்கு விரோதமாய்ப் பாடின 109-ஆம் சங்கீதத்தை ஜெபிக்கலாமா?

பதில்: 'அவனுடைய உத்தியோகத்தை வேறொருவன் பெறக்கடவன்' என்ற வசனம்தானே தம்பி? உன் வேதனை புரிகிறது. கதவைப் பூட்டிக்கொண்டு அழுது ஜெபி. உன் மனசில் இருக்கிறதைக் கர்த்தரிடம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் அது மிரட்டல். தாவீதைக் கொல்ல 3,000 பேரோடு தேடி வந்த சவுல் ராஜா, என்கேதி குகையில் தனியாய் அவன் கையில் சிக்கினான். தாவீது சவுலின் சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்தான். அதற்கே அவன் மனது அடித்துக்கொண்டது. அவன் ஜெபத்தைப் படிக்கிற நாம் அந்தக் குகையையும் படிக்க வேண்டும். உன்னைத் துன்பப்படுத்துகிறவருக்காகவும் ஜெபிக்கச் சொன்னாரே இயேசு, அதையும் விட்டுவிடாதே.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். ஜெபித்துப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

பதில்: தங்கச்சி, அந்த ஆலோசனை தவறு. சவுலின் ஆட்கள் வீட்டைக் காவல்காத்தபோது அவன் மனைவி மீகாள் தாவீதை ஜன்னல் வழியாய் இறக்கிவிட்டாள். தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாய் இறக்கினார்கள். தப்பி ஓடினதற்காக இவர்களை வேதம் கடிந்துகொள்ளவில்லை. அம்மா வீடோ, நம்பிக்கையான அக்கா வீடோ, பிள்ளைகளோடு பத்திரமான இடத்துக்குப் போங்கள். 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். 2005-ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். மன்னிப்பைப் பற்றி நீங்கள் பத்திரமானபின் பேசுவோம்.

கேள்வி: பொய்க் கேஸில் மூன்று வருஷமாய் அலைகிறேன். கர்த்தர் ஏன் இன்னும் விடுவிக்கவில்லை?

பதில்: அப்போஸ்தலர் 12-ல் அப்போஸ்தலனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான் ஏரோது ராஜா. அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்தான். ஏன் இப்படி என்று வேதம் சொல்லவில்லை. நானும் ஒரு காரணம் கற்பிக்க மாட்டேன் அண்ணா. பவுலும் செசரியாவில் 2 வருஷம் காவலில் கிடந்தார். பணம் கிடைக்கும் என்று தேசாதிபதி பேலிக்ஸ் அடிக்கடி கூப்பிட்டுப் பேசினான். பவுல் கொடுத்ததாக இல்லை. உங்களிடமும் யாராவது கேட்பார்கள், கொடுத்துவிடாதீர்கள். வாய்தா நாளைச் சொல்லுங்கள், அன்று காலை உங்களுக்காக உபவாசம் இருக்கிறேன்.

கேள்வி: என்னைக் கெடுத்தவர் வியாபாரம் நொடித்துப்போனது. கர்த்தர் செய்தார் என்று சபையில் சாட்சி சொல்லலாமா?

பதில்: நீதிமொழிகள் 24:17-ஐப் படியுங்கள், சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே என்கிறது. சவுல் செத்தபோது தாவீது புலம்பி அழுதான். அவர் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களே, ஸ்கூல் ஃபீஸ் கட்டினார்களா என்று போய் விசாரியுங்கள்.