கறுப்பு மார்பிள் ஏன் சாம்பல் பூக்கிறது?

கேள்வி: 14 வருடத்துக்கு முன் ஹாலில் ராஜஸ்தான் கறுப்பு மார்பிள் போட்டோம். நடக்கும் வழியெல்லாம் இப்போது வெளிறிவிட்டது. ஈரத்துணி போட்டால் கறுகறுவென்று வருகிறது, காய்ந்ததும் பழையபடி ஆகிறது. மெழுகு போட்டால் போதும் என்கிறார் ஒருவர். தேய்த்தே ஆகவேண்டும் என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: தேய்க்கச் சொன்னவர் பேச்சைக் கேளுங்கள். நனைத்தால் கறுப்பாகிறது என்றால் கல்லின் நிறம் எங்கும் போகவில்லை. மேல்பரப்பு முழுக்க மயிரிழைக் கீறல்கள் விழுந்து, வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறுகிறது. தண்ணீர் கீறலை நிரப்பினால் கறுப்பு திரும்புகிறது. மெழுகும் எண்ணெயும் இதே வேலையைக் கொஞ்ச நாளுக்குச் செய்யும். பிறகு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மோ கடினத்தன்மை அளவில் மார்பிள் வெறும் 3. செருப்போடு வரும் மணல் 7. வெள்ளை மார்பிளிலும் இதே தேய்மானம் உண்டு, கண்ணுக்குத்தான் தெரியாது.

வேலை தொடங்குமுன் இணைப்புகளில் உதிர்ந்த பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு, கறுப்பு நிறம் கலந்த எபாக்ஸி பசை நிரப்பி ஓர் இரவு இறுக விடுங்கள். கற்கள் ஒன்றுக்கொன்று ஏற்ற இறக்கமாக இருந்தால் மட்டுமே 50-ஆம் நம்பர் டைமண்ட் பேட் (வைரத்தூள் பதித்த தேய்ப்பு வட்டு; நம்பர் ஏற ஏற நைசாகும்) தேவை. நகத்தில் தட்டுப்படும் கீறலுக்கு 100 அல்லது 200-இல் தொடங்கலாம். அதன்பின் 400, 800, 1500, 3000. எல்லாமே தண்ணீர் விட்டுத்தான்.

பெரும்பாலும் வேலை கெடுவது 200-க்கும் 400-க்கும் நடுவில். ஒவ்வொரு நம்பரும் தனக்கு முந்திய நம்பர் போட்ட கீறலை முழுதாக எடுக்க வேண்டும். எடுக்காமல் தாண்டினால், 3000 போட்ட பிறகு பளபளப்புக்கு அடியில் வட்டவட்டமாகத் தெரியும். அப்போது திரும்ப 200-க்குத்தான் போக வேண்டும். அதனால் 400 முடிந்ததும் தரையை நன்றாகக் காயவைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஈரத்தரையில் பார்க்கவே கூடாது. நம்பர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கல்தூள் சேற்றை வழித்துக் கழுவி, மெஷினின் அடிப்பாகத்தையும் கழுவச் சொல்லுங்கள். பழைய பேடின் ஒரு துகள் மிச்சமிருந்தாலும் கோடு விழும். அந்தச் சேற்றைக் குழாயில் விட்டால் உள்ளே இறுகி அடைத்துக்கொள்ளும். பக்கெட்டில் சேர்த்து வெளியே எடுங்கள்.

கடைசியில் பாலிஷ் பவுடர். அதில் ஆக்சாலிக் அமிலம் இருந்தால் கறுப்புக் கல்லில் அளவு மிக முக்கியம். தயிர்ப் பதத்தில் குழைத்து, வேகம் குறைந்த மெஷினில், காயவிடாமல் தேய்த்து, உடனே கழுவ வேண்டும். கூடினாலோ காய்ந்தாலோ ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரக்கும், வெள்ளை படியும். கதவுக்குப் பின்னால் 2 அடிக்கு 2 அடி செய்து, மறுநாள் காய்ந்தபின் பார்த்து, பிடித்திருந்தால் மட்டும் மொத்தத் தரைக்கும் சம்மதியுங்கள். பெரிய மெஷின் சுவர் ஓரத்தைத் தொடாது. அங்கே கைமெஷினில் அதே நம்பர்களை அதே வரிசையில் போடாவிட்டால், ஹாலைச் சுற்றி மங்கலாகச் சட்டம் கட்டினது போல் நிற்கும். கூலி பேசும்போதே இதைப் பேசிவிடுங்கள்.

கேள்வி: பூஜை அறையில் விளக்கு வைக்கும் இடத்தைச் சுற்றி வெள்ளை வளையங்கள். எத்தனை துடைத்தாலும் போகவில்லை.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அது கறை அல்ல, அரிப்பு. புளி போட்டுத் தேய்த்த பித்தளை விளக்கை ஈரத்தோடு வைத்திருப்பீர்கள், அல்லது எலுமிச்சைச் சாறு சிந்தியிருக்கும். மார்பிள் சுண்ணாம்புக் கல். புளிப்பு பட்ட இடத்தில் மேல்பரப்பு கரைந்துவிடும். மோர், வினிகர் எல்லாம் அப்படித்தான். பாத்ரூம் ஆசிட் பட்டால் கல் குழியே விழும். கடப்பாக்கல்லுக்கும் இதே விதி.

வளையம் விரலில் தட்டுப்படாவிட்டால் கையாலேயே சரியாகும். ஈரமான ஃபெல்ட் துணியில் ஒரு சிட்டிகை மார்பிள் பாலிஷ் பவுடர் வைத்து இரண்டு மூன்று நிமிடம் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். தட்டுப்பட்டால் 400 முதல் மேலே போக வேண்டும். இனி விளக்குக்கு அடியில் ஒரு தாம்பாளம் வையுங்கள். சீலர் (கல்லின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) அடித்தால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சாதாரண சீலர் எண்ணெய் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும், புளிப்பைத் தடுக்காது.

கேள்வி: பச்சை மார்பிளுக்கும் இதே முறைதானா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: பேடுகள் வரை அதே. உதய்பூர் பக்கம் கேசரியாஜியிலிருந்து வரும் பச்சைக் கல் பெரும்பாலும் செர்பென்டைன் என்ற வேறு கனிமம், சுண்ணாம்பு குறைவு. சுண்ணாம்போடு வினைபுரிந்து பளபளப்பு தரும் திரவங்கள் அதில் சரியாகப் பிடிக்காது. 3000 வரை பொறுமையாகப் போய், அலுமினியம் ஆக்சைடு பவுடரில் முடியுங்கள்.

கேள்வி: பாலிஷ் போட்டு ஒரே மாதம், மாப் போட்ட கோடெல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது. வேலை சரியில்லையா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: தண்ணீரைச் சந்தேகியுங்கள். போர் தண்ணீரிலும், ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரிலும் உப்பு அதிகம். காய்ந்ததும் தரையில் நிற்கும். அந்தத் தண்ணீரில் சோப்பு சேர்ந்தால் படலமே கட்டும். மார்பிளுக்கென்று விற்கும், அமிலமோ காரமோ இல்லாத திரவத்தைப் பாட்டிலில் போட்ட அளவுக்கு மேல் ஊற்றாமல் பயன்படுத்துங்கள். அடுத்து உப்பில்லாத தண்ணீரில் இன்னொரு முறை துடைத்து, உலர்ந்த துணியால் ஒத்தி எடுங்கள். கோடு இல்லாமல், இணைப்புகளை ஒட்டி மட்டும் வெள்ளை பூத்து, துடைத்தாலும் மறுபடி மறுபடி வந்தால் அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது. அதை நிறுத்தும்வரை பாலிஷுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.