ஹெட் பாம்பு, வெள்ளைத் திட்டு, ஆறு முட்டை: பால் பைத்தான் மார்ஃப் (நிற வகை) கணக்கு

கேள்வி: பைபால்ட் (உடலில் வெள்ளைத் திட்டு வரும் நிற வகை) ஹெட், அதாவது அந்த மரபணுவை மறைவாகச் சுமப்பது, என்று சொல்லி விற்கப்பட்ட ஆண் பால் பைத்தான் ஒன்று என்னிடம் இருக்கிறது. பார்வைக்குச் சாதாரணப் பாம்புதான். பேஸ்டல் என்ற நிற வகைப் பெண்ணோடு சேர்த்தேன். 6 முட்டையும் பொரிந்தன. 3 பேஸ்டல், 3 சாதாரணம். ஒன்றில்கூட வெள்ளைத் திட்டு இல்லை. ஏமாந்துவிட்டேனா? பைபால்ட் குட்டி எடுக்க இனி என்ன செய்வது?

பதில்: இந்த ஒரு ஈட்டு முட்டையை வைத்து விற்றவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆண் உண்மையான ஹெட்டாகவே இருந்தாலும் இந்த ஜோடிக்குப் பைபால்ட் பிறக்காது. பைபால்ட் ஒடுங்கு மரபணு. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என இரண்டும் சேர்ந்தால்தான் வெள்ளை வெளியே தெரியும். ஹெட் என்றால் ஒரே பிரதி, அதுவும் மறைந்திருக்கும். உங்கள் பேஸ்டல் பெண்ணின் பரம்பரையில் பைபால்ட் இல்லையென்றால் அதன் பக்கமிருந்து வர எதுவுமில்லை. பேஸ்டல் அப்படியல்ல. ஒரு பிரதி இருந்தாலே நிறம் காட்டும், இரண்டு சேர்ந்தால் சூப்பர் பேஸ்டல். அதனால்தான் குட்டிகள் பாதிக்குப் பாதி பேஸ்டலாக வந்தன.

ஆண் ஹெட் என்று வைத்துக்கொண்டால் இந்த 6 குட்டிகளும் இப்போது ‘50% ஹெட்’. இந்தச் சதவீதத்தை ‘ஆறில் மூன்று நிச்சயம்’ என்று பலர் படிக்கிறார்கள். அது முட்டைக்கு முட்டை தனியாகச் சுண்டப்படும் நாணயம். ஆறும் ஹெட்டாக இருக்கலாம், ஒன்றுகூட இல்லாமலும் போகலாம்.

குட்டிப் பெண்களை வளர்த்து அப்பனோடு சேர்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. கணக்கைப் பாருங்கள். பெண் இனப்பெருக்கத்துக்குத் தயாராக ஏறக்குறைய 3 ஆண்டு, சுமார் 1500 கிராம் எடை வேண்டும். அவள் ஹெட்டாக இருக்க வாய்ப்பு பாதி. ஹெட்டாகவே இருந்தாலும் முட்டைக்குக் கால் பங்குதான் பைபால்ட். ஆக, முட்டைக்கு எட்டில் ஒன்று. 6 முட்டையில் ஒன்றும் வெள்ளையாக இல்லையென்றால் அவள் ஹெட்டாக இருக்கும் வாய்ப்பு 50-லிருந்து சுமார் 15 சதவீதத்துக்கு இறங்கும், பூஜ்யமாகாது. மூன்று ஆண்டு காத்திருந்தும் உறுதியான பதில் கிடைக்காமல் போகலாம்.

வெள்ளை வெளியே தெரியும் பைபால்ட் ஒன்றைச் சேர்த்தால் எல்லாம் மாறிவிடும். பைபால்ட் பெண்ணை உங்கள் ஆணோடு சேர்த்தால், அவன் ஹெட் என்றால் முட்டைக்குப் பாதி வாய்ப்பு. 6 முட்டையில் ஒன்றும் வராமல் போக 64-ல் ஒரு வாய்ப்புதான், எனவே அப்படி ஆனால் விற்றவர் சொன்னதைச் சந்தேகிக்கலாம். சாதாரணமாகப் பிறப்பவை கூட 100% ஹெட். ஆனால் வளர்ந்த பெண்ணை வாங்கினால் எச்சரிக்கை: பால் பைத்தான் பெண் முந்தைய பருவத்து விந்தணுவைச் சேமித்து வைத்திருந்து பிறகும் முட்டையைக் கருவுறச் செய்யும். முதல் ஈட்டில் எதிர்பாராத நிறம் வந்தால் உங்கள் ஆணின் மரபணுவில் தேடாதீர்கள்.

நான் பரிந்துரைப்பது பைபால்ட் ஆண் குட்டி. 600–700 கிராம் எட்டினால் போதும், பெண்ணுக்கு ஆகும் காலத்தில் பாதியில் தயார். உங்கள் குட்டிப் பெண்கள் முதிரும்போது அவன் காத்திருப்பான், அப்பன்–மகள் சேர்க்கையும் தவிரும். ஹெட்டான மகளிடம் முட்டைக்குப் பாதி வாய்ப்பு. 6 முட்டையில் ஒன்றும் இல்லையென்றால் அவளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்.

அதற்கெல்லாம் முன்னால், அப்பன் அடுத்த முறை உரிக்கும் சட்டையை வீணாக்காதீர்கள். உரித்த சட்டையிலிருந்து டி.என்.ஏ எடுத்து ஹெட் நிலையைச் சொல்லும் ஆய்வகங்கள் இப்போது இருக்கின்றன. எல்லா மார்ஃபுக்கும் சோதனை கிடையாது, பைபால்ட் பட்டியலில் உண்டா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். சட்டையை நன்றாக உலர்த்தி, காகித உறையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் அடைத்தால் பூசணம் பிடித்து மாதிரி கெடும். இரண்டு பாம்பு ஒரே பெட்டியில் இருந்தால் எது யாருடைய சட்டை என்ற குழப்பம், எனவே தனித்தனிப் பெட்டி. அப்பன் ஹெட் என்று வந்தால் குட்டிகளையும் சோதியுங்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது இப்போதே தெரிந்துவிடும். வயிற்றின் ஓரம், வால் பக்கம் தெரியும் கோடுகளைக் காட்டி ‘ஹெட் அடையாளம்’ என்பார்கள். ஹெட்டுகளில் அது அடிக்கடி தெரிவது உண்மைதான், ஆனால் ஹெட் அல்லாதவற்றிலும் தெரியும். அதை நம்பி மூன்று ஆண்டு தீனி போட வேண்டாம்.

பைபால்ட் வந்ததும் கிளௌன் என்ற இன்னொரு ஒடுங்கு மார்ஃபையும் சேர்க்க ஆசை வரும். இரண்டுக்கும் ஹெட்டான ஜோடியில் இரண்டும் சேர்ந்த குட்டி 16-ல் ஒன்று. 6 முட்டையில் ஒன்றாவது கிடைக்க மூன்றில் ஒரு வாய்ப்புகூட முழுதாக இல்லை. கிளௌன் நிறம் தெரியும், பைபால்ட் ஹெட்டான ஒன்றையும், பைபால்ட் நிறம் தெரியும், கிளௌன் ஹெட்டான ஒன்றையும் சேர்த்தால் அதே குட்டி நாலில் ஒன்று. ஒரு தலைமுறை பொறுத்தால் கிடைக்கும் லாபம் இது. ஆக்ஸாந்திக் (மஞ்சள் நிறமி இல்லாத ஒடுங்கு மார்ஃப்) பக்கம் போனால் எந்த வழி, அதாவது எந்தப் பரம்பரை, என்று கேட்காமல் வாங்காதீர்கள். வெவ்வேறு வழிகளைச் சேர்த்தால் பெரும்பாலும் சாதாரணக் குட்டிகளே பிறக்கும்.

ஸ்பைடர் மார்ஃப் வேண்டாம். நிறத்தோடு உட்காதுக் கோளாறும் சேர்ந்தே வரும். தலை நடுங்கும், திருகும், இரையைக் குறி தவறிக் கடிக்கும். ஸ்பைடரையும் சாம்பேன் மார்ஃபையும் சேர்த்தால் இரண்டும் பெற்ற கரு பிழைக்காது. சின்னமன் மரபணு இரண்டு பிரதி சேர்ந்த சூப்பர் சின்னமனில் முதுகெலும்பு வளைவும் வாத்து போன்ற மூக்கும் அடிக்கடி வரும்.

முதுகு வளைந்த குட்டி பிறந்தால் எல்லாப் பழியும் மரபணு மேல் விழும், ஆனால் பல நேரம் காரணம் இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் பெட்டி). 31–32 டிகிரி செல்சியஸ், 55–60 நாள் என்பதுதான் அளவு. 34-ஐத் தொட்டால் வளைவும் சாவும் கூடும். பெட்டியின் தெர்மோஸ்டாட்டை மட்டும் நம்பாமல் முட்டைக்குப் பக்கத்தில் தனி வெப்பமானி வையுங்கள். முட்டையை எடுத்ததும் மேல்பக்கம் பென்சிலால் குறியிட்டு, அதே நிலையில் வையுங்கள், உருட்டினால் கரு சாகலாம். முட்டைக்கு அடியில் போடும் வெர்மிகுலைட்டை (ஈரம் பிடிக்கும் கனிமத் துகள்) கையில் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. கடைசி இரண்டு வாரத்தில் முட்டை குழிவது இயல்பு. இரண்டாம் வாரத்திலேயே குழிந்தால் ஈரம் போதவில்லை: முட்டை மேல் தெளிக்காமல், ஓரத்தில் வெர்மிகுலைட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள், ஓரிரு நாளில் நிமிரும்.